கறை பட்ட இரண்டு மேட்

ஜூன் 3, செவ்வாய்
எழுதவே கூச்சமாக இருக்கிறது. மகள் தாரணி நெய்து, இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த பன்னிரண்டு டேபிள் மேட்டின் மேல் கடுங்காப்பி டம்ளரை வைத்தேன். தட்டுக்கு அடியில் விரிக்கிற துணிதானே, டம்ளரைத் தாங்காதா? தாங்கியது. என் முழங்கைதான் தட்டிவிட்டது. மேலே இருந்த இரண்டும் போச்சு. அவள் குளிக்கப் போயிருந்தாள். சோப்புப் போட்டேன், எலுமிச்சை தேய்த்தேன். கறை அகலமானதுதான் மிச்சம். தாண்டிக்குடி மலை ரோட்டில் இருபது வருஷம் ஜீப் ஓட்டியவன், வீட்டுக்குள் கவிழ்த்துவிட்டேன்.

ஜூன் 4
வத்தலக்குண்டில் ஒரு கடையில் அதே மாதிரி, வெள்ளையில் நீலக் கரை. மெஷின் துணி. இரண்டு வாங்கினேன். கொடைக்கானலுக்குப் போகும் கட்டை நானே கட்டுகிறேன் என்று தாரணியிடம் சொன்னேன். "என்னப்பா, புதுசா சோலி பாக்குறீங்க?" என்று சிரித்தாள். புது இரண்டும் கட்டுக்குள், கறை பட்டவை ஜீப் சீட்டுக்கு அடியில். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜூன் 6, வெள்ளி
கொடைக்கானலில் கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் ஜோதிமணி அம்மாவிடம் கட்டைக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டியவர் அந்த இரண்டில் நின்றார். "இந்த ரெண்டும் என்ன ஃபினிஷிங்! ஓரம் ஸ்கேல் வச்ச மாதிரி. மத்தது லேசா வளையுது. அடுத்த இருபத்துநாலும் இதே மாதிரி வேணும்னு பொண்ணுகிட்ட சொல்லுங்க."
தலையாட்டினேன். மாடு கூட யோசித்து ஆட்டும்.

ஜூன் 9
அந்தம்மா அனுப்பிய, அந்த இரண்டின் போட்டோவை தாரணி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். "இந்த ரெண்டையும் எப்டி நெய்ஞ்சேன்னே ஞாபகம் இல்லப்பா."
எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஜூன் 11
நெய்கிறாள், ஓரம் பார்க்கிறாள், கத்தரிக்கிறாள். மூணு துணி குப்பையில கெடக்கு. வெள்ளனே தறி முன்னால் உட்கார்ந்தவள் மத்தியானம்தான் எழுந்தாள். "ஒரு தடவ வந்தது ஏன்ப்பா திரும்ப வரல? எனக்குக் கை சரியில்ல. தறியக் குடுத்தவங்ககிட்டயே குடுத்துருவோம்."
ஏலே நல்லசாமி, நீயெல்லாம் ஒரு அப்பனா? வாயில என்ன, கொழுக்கட்டையா?

ஜூன் 12
சொல்லிவிட்டேன். சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டையும் எடுத்து அவள் மடியில் வைத்தேன். திட்டுவாள் என்று நின்றேன். கறையை அவள் பார்க்கவே இல்லை, ஓரத்தைத்தான் தடவினாள்.
"மூணு துணிய வெட்டிட்டேனேப்பா."
அவ்வளவுதான். பிறகு போனை நீட்டினாள். "அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."
சொன்னேன். முழுசும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அந்த ரெண்டையும் வந்து எடுத்துக்கோங்க. பொண்ணு நெய்ஞ்சதுல ரெண்டு குடுத்துட்டுப் போங்க." வைத்துவிட்டார். இருபத்துநாலைப் பற்றிப் பேச்சில்லை. கேட்க எனக்கு ஏது முகம்?

ஜூன் 15, ஞாயிறு
மூன்று நாளாக என்னிடம் பேசவில்லை. தறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. கத்தரிச் சத்தம் இல்லை.
இன்று காப்பி கொண்டுவந்தாள். முதலில் கறை பட்ட மேட்டை விரித்தாள், அதன் மேல் டம்ளர். "இதுலயே வைங்க. இனி கெடுறதுக்கு ஒண்ணுமில்ல." திரும்பித் தறிக்குப் போனாள்.
ஓரம் லேசாக வளைந்துதான் இருக்கிறது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தேன்.