துரையின் சேணம்

செல்லக் குட்டிக்கு, அக்கா எழுதுவது.

நானும் உன் அத்தானும் இங்கே சுகம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? துரையின் சுகத்தைக் கேட்க வேண்டியதில்லை, அதைத்தான் மூன்று பக்கத்துக்கு எழுதிவிட்டாய். போனிலேயே பேசியிருக்கலாம். பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

சேணமும் மற்ற சாமான்களும் எப்படி வந்து சேர்ந்தன என்று கேட்டிருந்தாய். கிளம்புவதற்கு முன் நான் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவியதில், குளியலறையே லாயம் மாதிரி நாறுகிறது என்று அம்மா கத்தியது உனக்கு நினைவிருக்கும். அதெல்லாம் இந்த நாட்டில் செல்லவில்லை. பழைய குதிரைச் சாமான் என்று விமான நிலையத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். உடனே நோய்த்தடுப்புச் சோதனை அறைக்கு அனுப்பிவிட்டார்கள். கையுறை போட்ட ஒரு பெண் அதிகாரி எல்லாவற்றையும் எஃகு மேசையில் பரப்பி, டார்ச் அடித்துத் தையல் தையலாகப் பார்த்தாள். பூட்ஸ் அடியிலிருந்து நம் மைதானத்து மண்ணைச் சுரண்டி எடுத்தாள். சேணத்துக்குக் கீழே விரிக்கும் துணியில் புல்விதை ஒட்டியிருந்ததாம், அதை அழித்தே ஆக வேண்டும் என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

பிறகு, "இது எந்தக் குதிரையோடது? அது இப்போ எங்க இருக்கு?" என்று கேட்டாள். "என்னோட குதிரை, துரை. இப்போ என் தங்கச்சிகிட்ட இருக்கு" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் சிரித்தபடி, "அப்போ கவலையே இல்ல, நல்லா பாத்துக்குவாங்க" என்றாள். இவளை யார் கேட்டார்கள்?

வார் மடிப்பிலிருந்து துரையின் செம்பட்டை முடி ஒன்றை இடுக்கியால் எடுத்துப் பையில் போட்டு மூடினாள். அதை எனக்குக் கொடுங்கள் என்று கேட்கவா முடியும்? மருந்து போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சேணத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு வீட்டுக்கு வந்தது. முகத்தை வைத்து முகர்ந்து பார்த்தேன். ஆஸ்பத்திரி வராந்தா வாசனைதான் அடித்தது.

உன் கடிதம் வந்த அன்று காலையில்தான் இங்கே உள்ள குதிரைப் பள்ளிக்குப் போயிருந்தேன். நல்ல குதிரை ஒன்றைக் கொடுத்தார்கள். சாதுவானது, உடம்பு பளபளவென்று இருந்தது. ஆனால் நம் சேணம் அதன் முதுகில் உட்காரவே இல்லை, ஒரு பக்கமாகச் சரிந்தது. அங்கே சேணம் தைக்கிறவர் தடவிப் பார்த்துவிட்டு, இது ஒரே முதுகுக்குப் பழகிவிட்டது, வேறு குதிரைக்கு ஆகாது என்றார்.

வீட்டுக்கு வந்தால் உன் கடிதம். துரை உன் தோளில் மோவாயை வைக்கிறானாம். என்னிடம் பல வருஷம் இருந்தானே, ஒரு நாள் வைத்திருப்பானா? நான் எத்தனை தடவை கெஞ்சியும் தாண்டாத தண்ணீர்ப் பள்ளத்தை உன்னோடு ஒரே பாய்ச்சலில் தாண்டினானாம். கடிவாளம் பிடிப்பதில் அக்காவைவிட உனக்குக் கை மென்மை என்று குதிரைக்காரர் சொன்னாராம். அதை எனக்கு எழுத எப்படியடி மனசு வந்தது? வயிறு எரிந்தது. உன் அத்தான் சாப்பிடக் கூப்பிட்டார். பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் எழுதியிருக்கிறாய்: நம் ஊர்க் குதிரைப் பள்ளியின் சேணம் உரசி அவன் முதுகில் புண் வந்துவிட்டது, இப்போது ஏறுவதில்லை, பக்கத்தில் நடந்துதான் கூட்டிப் போகிறேன் என்று. அவன் சேணத்தைக் கொடு என்று கேட்டிருந்தால், முடியாது என்று எழுதியிருப்பேன். அப்படி எழுத வார்த்தைகூடத் தயாராக வைத்திருந்தேன். நீயோ கேட்கவே இல்லை.

நாளைக்குச் சேணம் இங்கிருந்து கிளம்புகிறது. உன் அத்தான்தான் பெட்டி கட்டினார். "நிஜமாவே அனுப்பணுமா?" என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டாவது தடவை எரிந்து விழுந்தேன், பாவம். பூட்ஸையும் ஹெல்மெட்டையும் அனுப்பவில்லை. அவை என் அளவு.

புண் முழுதாக ஆறிவிட்டது என்று கால்நடை டாக்டர் சொல்லாமல் சேணத்தை அவன் மேல் வைக்காதே. மருந்தில் தோல் காய்ந்து போயிருக்கிறது, முதலில் எண்ணெய் தடவி ஊறவிடு. வயிற்று வாரை இழுக்கும்போது மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொண்டு ஏமாற்றுவான். இரண்டு சுற்று நடத்திவிட்டு மறுபடி இழு. இது எனக்கு மட்டும்தான் தெரியும், உன் குதிரைக்காரருக்குக்கூடத் தெரியாது. இப்போது உனக்கும் தெரிந்துவிட்டது.

முதல் நாள் தனியாக ஏறாதே. யாராவது கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். குதிரைக்காரர் வேண்டாம், உன்னைப் புகழ்வதில் பிடியை விட்டுவிடுவார். அம்மா பயப்படுவாள், இருந்தாலும் அவளையே கூட்டிப் போ. விழுந்து வைக்காதே, குட்டி. உனக்கு ஒன்று என்றால் ஓடிவர இப்போது நான் பக்கத்தில் இல்லை.

நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருங்கள்.

அக்கா