வாண்டு ஏன் விழித்துக்கொள்கிறாள்

அன்பு மகளுக்கு,

நானும் உன் வாண்டும் நலம். நலம் என்ற சொல்லை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதைக் கீழே படித்து நீயே முடிவு செய். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்ல எனக்கு வாய் வராது, அவளும் மடியிலேயே உட்கார்ந்திருப்பாள், அதனால் எழுதுகிறேன். எழுதப்போவது:

1. வாண்டு இரவில் விழித்து அழுவது, மருத்துவர் சொன்னது
2. லிப்ட்
3. அவள் தூங்கப்போகும் நேரத்தில் நீ போனில் பேசுவது

நான்கு வயதுப் பிள்ளைக்குக் கெட்ட கனவு வருவது சகஜம் என்று மருத்துவர் போனில் சொன்னார். கற்பனை வளர்ந்த அளவுக்கு, எது நிஜம் எது கனவு என்று பிரிக்கத் தெரியாத வயதாம். பகலில் பயந்தது, காய்ச்சல், தூக்கக் குறைவு, பெற்றவர்களைப் பிரிந்திருப்பது, எதுவும் காரணமாகலாம். கெட்ட கனவு பெரும்பாலும் விடியும் பக்கமாக வரும், பிள்ளை ஞாபகம் வைத்துச் சொல்லும். தூங்கிய கொஞ்ச நேரத்தில் அலறிவிட்டுக் காலையில் ஒன்றும் தெரியாமல் எழுந்தால் அது வேறு, எழுப்பாமல் பக்கத்தில் இருந்தால் போதும் என்றார். வாண்டு இரண்டிலும் சேரவில்லை. நான் கண் விழிக்கும்போது என் கட்டிலருகே நின்று அழுதுகொண்டிருக்கிறாள். என்ன கனவு என்று கேட்டால், கனவே வரலையே என்கிறாள். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த புத்தி, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன். டிவியை நிறுத்தினேன், இரவுச் சாப்பாட்டை முன்னால் தள்ளினேன், விளக்கை எரியவிட்டேன். பலனில்லை.

அடுத்தது லிப்ட். போன மாதம் கரண்ட் போய் நாங்கள் இருவரும் உள்ளே மாட்டிக்கொண்டதையும் வாட்ச்மேன் வந்து திறந்ததையும் சொன்னேன். அதுவரை நான் கதவைத் தட்டிக்கொண்டே இருந்ததைச் சொல்லவில்லை. வாண்டு என்னவோ தரையில் உட்கார்ந்து பொம்மைக்குத் தலை வாரினாள். அதற்குப் பிறகு என்னால் அதில் ஏற முடியவில்லை, ஐந்து மாடி ஏறி இறங்க முழங்காலும் விடாது. பாலும் காயும் வாட்ச்மேன் கொண்டுவருகிறார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எப்போ பூங்காவுக்குப் போவோம் என்று கேட்பாள், நாளைக்கு என்பேன். எங்க தாத்தாவுக்கு தினமும் நாளைக்குத்தான் என்று வாட்ச்மேனிடம் என் மானத்தை வாங்குகிறாள். இந்த இரண்டு அறையும் நாளுக்கு நாள் சுருங்கி வருவதுபோல் இருக்கிறது.

மீதி இருப்பது உன் போன். உன் முகத்தைப் பார்த்துவிட்டுப் படுப்பதால்தான் ஏக்கம் கனவாகிறது என்று முடிவு கட்டினேன். வேலை ஒப்பந்தம் முடியும்வரை உங்களால் அங்கிருந்து வர முடியாது, ஆகவே பகலில் மட்டும் பேசு என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். உனக்கு இது எப்படி இருக்கும் என்று தெரியாமல் இல்லை.

இதுவரை எழுதிவிட்டுக் கூடத்துக்குப் போனால், வாண்டு தலையணையைத் தட்டிக்கொடுத்து, ஒண்ணுமில்ல தாத்தா, இப்ப தொறந்துடுவாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யாரம்மா அந்தத் தாத்தா என்றேன். நீங்கதான், ராத்திரில கதவத் தொறங்க, உள்ள பிள்ள இருக்குன்னு கத்துறீங்க, நான் எவ்வளவு தட்டினாலும் எந்திரிக்க மாட்டேங்குறீங்க, அதான் அழுகை வருது என்றாள். சொல்லிவிட்டுத் தலையணைக்குப் போர்த்திவிட்டாள்.

மருத்துவரிடம் இனி என்னைப் பற்றித்தான் பேச வேண்டும், எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மதியம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு லிப்ட் வாசல்வரை போனேன். கதவு திறந்தது, மூடிக்கொண்டது. நாளைக்கு என்று அவளே சொல்லிவிட்டாள்.

நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி நிறைவாக வாழ வேண்டும். கண்ணாடியை மாற்றச் சொன்னேனே, மறந்துவிடாதே. கடிதத்தைத் திருத்தி எழுதத் தெம்பில்லை, அப்படியே அனுப்புகிறேன். தினமும் அவள் தூங்கும் முன் வழக்கம்போல் கூப்பிடு. மேலே பட்டியலில் மூன்றாவது தவறு.

அப்பா