நாங்கள் மூன்றாவதாகப் போடாத பாடநெறி

அப்பா,

வவுனியா பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தவரின் மடியில் ஒரு கருவாட்டுப் பொதி. வெயில் ஏற ஏற மணம் பஸ் முழுக்கப் பரவியது. எல்லாரும் யன்னலைத் திறந்தார்கள். நான் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு அழுதேன். மீன்பிடித்துக் கடலால் வந்து என் தலையைத் தடவும் உங்கள் கைகளில் இருந்த மணம் அது.

பல்கலைக்கழகத்தில் பதிவதற்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

உயர்தரச் சோதனையில் வணிகப் பிரிவில் முதல் தடவை சித்தியடைந்தபோது, எங்கள் ஊர் அரிப்பிலிருந்து மன்னாருக்கு என்னோடு வந்தீர்கள். கொமினிகேசன் கடைக்காரத் தம்பி பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பினான். விருப்ப வரிசையில் கணக்கியல் முதலாவது, முகாமைத்துவம் இரண்டாவது என்றேன். கீழே இன்னும் போடலாம், கருத்திட்ட முகாமைத்துவப் பாடநெறிக்குப் புள்ளி குறைவாகத்தான் வெட்டும் என்று அவன் சொன்னான். எனக்கும் தயக்கம் வந்தது. நீங்கள்தான் மறித்தீர்கள்.

"பிள்ளைக்கு விருப்பமானதை மட்டும் போடுங்கோ, தம்பி. வேண்டாததை ஏன் படிக்க வேணும்?"

எங்கள் மாவட்டத்தில் நல்ல புள்ளி எடுத்த வணிகப் பிள்ளைகள் எல்லாரும் அந்த இரண்டையும்தான் கேட்டிருந்தார்கள். வெட்டுப்புள்ளி என்னைத் தாண்டிப் போய்விட்டது. என்னைவிடக் குறைந்த புள்ளியோடு என் தோழி கருத்திட்ட முகாமைத்துவத்துக்குத் தெரிவானாள். அவள் அதை மூன்றாவதாகப் போட்டிருந்தாள்.

நீங்கள் அதை அவளுடைய அப்பாவிடமிருந்து கேள்விப்பட்டு வந்தீர்கள். சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"நான்தான் பிழை விட்டிட்டன், என்ன பிள்ளை?"

"இல்லையப்பா. போட்டிருந்தாலும் எனக்குக் கிடைச்சிராது."

என் முகத்தைப் பார்த்தீர்கள். நம்பவில்லை என்பது எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு, மறுபடி சோதனை எடுக்க என்னை மன்னார் வகுப்புகளில் சேர்த்துவிட்டு, ஓய்வில்லாமல் கடல் தொழிலுக்குப் போனீர்கள். கடலைக் கொந்தளிக்க வைக்கும் சோளகக் காற்றுக்கு ஊரே படகுகளைக் கரையேற்றியிருந்த காலத்திலும் போனீர்கள். அம்மா மறித்தபோது, பிள்ளையின் வகுப்பு நிற்கக்கூடாது என்றீர்கள். அடுத்த நாள் படகு மட்டும் கவிழ்ந்து ஒதுங்கியது. உங்களைத் தேடி எடுத்தவர்கள் என்னைப் பார்க்க விடவில்லை.

அந்த வருடமும் சோதனைக்கு இருந்தேன். கணக்கியல் தாளில் எழுத்துகள் நீராய் ஓடின. பழைய புள்ளிக்குக் கிட்டத்தான் வந்தது. இந்த முறை எதையும் விடாமல் எல்லாப் பாடநெறியையும் போட்டேன். கிடைத்தது கருத்திட்ட முகாமைத்துவம். அதில் பதிந்துவிட்டால் கணக்கியலுக்கு இனி விண்ணப்பிக்க முடியாது. பதியாமல் விட்டால் இன்னொரு வருடம் வகுப்புக்கு அனுப்ப வீட்டில் யார் இருக்கிறார்கள்?

அன்றைக்கே போட்டிருந்தால் அன்றைய புள்ளிக்கே இது கிடைத்திருக்கும், அப்பா. வகுப்புத் தேவைப்பட்டிராது. அந்தக் காற்றில் நீங்கள் படகு தள்ளியிருக்க மாட்டீர்கள்.

இன்று காலையில் என் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று நிமிர்ந்து கேட்டார்: "அப்பவே இதைப் போட்டிருந்தா, அப்பவே கிடைச்சிருக்குமோ?"

"இல்லையம்மா" என்றேன்.

உங்களுக்குச் சொன்ன அதே பதில். நீங்கள் நம்பவில்லை. அம்மா நம்பிவிட்டார். அவர் அப்படியே நம்பியிருக்க வேண்டும் என்றால், உண்மையை நான் ஒருத்திதான் சுமக்க வேண்டும். எப்படியென்றுதான் தெரியவில்லை, அப்பா.