பேட்டைச் சுறா

8 ஜனவரி 2024, திங்கள்

உவரியிலிருந்து இன்னாசி அண்ணாச்சி என் படச்சட்டக் கடைக்கு வந்திருந்தார். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். கையில் ஆறு சுறாப் படங்கள். இருநூறு வருடத்துக்கு முன் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, தாள் தாளாகக் கையால் வண்ணம் பூசியவை. கப்பலில் வேலை பார்த்த தம்பி டெனிஸ், பயணத்துக்கு ஒன்றாக வாங்கி வந்தாராம். தம்பி போன வருடம் தவறிவிட்டார். டிசம்பர் மழையில் அலமாரிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கறையை எடுத்து, வண்ணம் போன இடத்தைத் தொட்டு நிரப்பி, சட்டம் போட வேண்டும். "பைய செய்யிங்கம்மா, அவசரமில்ல" என்றார்.

எனக்குத்தான் அவசரம். பேட்டையில் சட்டம் போடுகிறவளுக்கு இப்படி ஒரு வேலை எப்போது வரும்?

11 ஜனவரி

டெனிஸ் கடைசியாக வாங்கிய கொம்பன் சுறாவை முதலில் எடுத்தேன். சுத்தியல் மாதிரித் தலை. முதுகு நல்ல சாம்பல். வயிறு மட்டும் வெறும் தாளாக இருந்தது, தண்ணீர் தின்றுவிட்டது. முதுகின் நிறத்தையே கலந்து வயிற்றிலும் பூசிவிட்டேன். எது பழைய கை, எது என் கை என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கே என்னைப் பிடித்துப் போனது.

13 ஜனவரி

மற்ற ஐந்தையும் விரித்தேன். ஐந்திலும் வயிறு வெறும் தாள்.

தண்ணீர் ஆறு படத்திலும் அதே இடத்தையா தின்னும்?

கைப்பேசியில் தேடினேன். சுறாவுக்கு வயிறே வெள்ளைதான். ஐயோ, என்ன காரியம் செஞ்சு தொலைச்சேன். சைவ வீட்டுப் பெண், மீன்கடைப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பவள் — நான் போய்ச் சுறாவுக்கு வண்ணம் பூசினேனாம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?

ஈரப் பஞ்சால் ஒற்றிப் பார்த்தேன். தாள் நூல் நூலாக எழும்புகிறது. விட்டுவிட்டேன்.

15 ஜனவரி

பொங்கல். சொல்லாமல் சட்டம் போட்டுக் கொடுத்தால்? வலையிலிருந்து கொம்பனைத் தூக்கியவர் கண்ணுக்குத் தப்புமா. தப்பினாலும், எனக்குத் தெரியுமே.

19 ஜனவரி

சொல்லிவிட்டேன். அண்ணாச்சி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க சுறாவப் பாத்ததே இல்லியாம்மா?"

இல்லை என்றேன்.

"இது அவன் கடைசியா வாங்குனது."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. ஆறையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஷட்டரை இறக்கிவிட்டு அழுதேன்.

31 ஜனவரி

அண்ணாச்சியின் ஃபோன். சனிக்கிழமை காலை உவரிக்கு வரச் சொன்னார்.

3 பிப்ரவரி, சனி

முதல் பஸ். கரையில் நாலைந்து பால் சுறாக்கள் கிடந்தன. அண்ணாச்சி ஒன்றைப் புரட்டினார். விலாவில் சாம்பல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெள்ளையாகிறது. தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன். ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழுப்பு, எதிர்ப்பக்கம் உப்புத்தாள்.

அவர் வீட்டில், டெனிஸின் போட்டோவுக்குக் கீழே கொம்பன் தொங்கியது, சாம்பல் வயிற்றோடு. எனக்குத் தலை நிமிரவில்லை.

"வாறவங்க எல்லாம் கேக்காங்க. பேட்டைச் சுறான்னு சொல்லுதேன். டெனிஸ் இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான்."

சொல்லிவிட்டு, மற்ற ஐந்தையும் என் கையில் கொடுத்தார்.

வீடு திரும்பியதும், குளித்துவிட்டு உள்ளே வா என்று அம்மா வாசலிலேயே நிறுத்தினாள். குளித்தேன். கையில் சுறா மணம் போகவில்லை. அந்தக் கையோடே உட்கார்ந்து இரண்டாவது படத்தின் கறையை எடுத்தேன். வயிற்றுப் பக்கம் போகவில்லை.