தங்கச்சி வளைத்த குந்து

என் அன்புத் தங்கச்சி,

நீ கட்டடப் படம் கீறிக் கொடுத்த பாலர் பாடசாலையைத் தை மாதம் திறந்தார்கள். பார்க்க நீதான் இல்லை. என் மகளும் அண்ணனின் மகனும் அங்கேதான் படிக்கிறார்கள்.

வாசலுக்கு வெளியே கூரையை நீட்டி, அதன்கீழ் பெற்றோர் உட்காரப் பிறை போல் வளைந்த சீமெந்துக் குந்து ஒன்றைக் கட்டச் சொன்னாயே. "நேரா வெச்சா வேலை லேசு" என்றார் மேசன். "நேரா இருந்தா எல்லாரும் றோட்டத்தான் பாப்பாங்க. வளைச்சா ஆளையாள் பாப்பாங்க" என்றாய் நீ. எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது.

கத்தாரிலிருந்து அண்ணன் வந்து சேருமுன் அப்பாவின் பிரேதத்தை எடுத்துவிட்டோம். அந்த முடிவு என்னுடையது. அதன்பின் ஐந்து வருடம் அண்ணன் என்னோடு பேசவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எங்களை எத்தனை தரம் ஒன்றாகக் கூப்பிட்டாய்? ஒருவர் வெளியே போனபின்தானே மற்றவர் உள்ளே வந்தோம்.

பிள்ளைகளைக் கூட்டிவரப் போகும்போது, விலகி இருக்க வேண்டுமென்றே குந்தில் ஆளுக்கொரு நுனியைப் பிடித்தோம். உன் பிறையில் நுனிகள்தான் நேருக்கு நேர். அண்ணனுக்குத் தலை நரைத்ததை அங்கேதான் கண்டேன்.

போன கிழமை வாவிப் பக்கமிருந்து பெருமழை. சாரலுக்கு ஒதுங்கி எல்லோரும் நடுவுக்கு நெருங்கினோம். என் பக்கத்தில் அண்ணன். மழையைப் பார்த்தபடி கேட்டார்:

"அப்பா கடைசியா என்ன புள்ள சொன்னாரு?"

"உங்களத்தான் கேட்டாரு. 'பெரியவன் வாறானா' எண்டு மூணு தரம் கேட்டாரு. ஓம், வாறாரு எண்டு சொன்னன்."

அண்ணன் மழையை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்காகக் காத்திருந்திருக்கணும், அண்ணன். என்னிலதான் பிழை."

"அழாத. புள்ளைகள் வருதுகள்" என்றார். அவர் குரலும் உடைந்திருந்தது.

எல்லோரும் போனபின் அந்தக் குந்தைத் தொட்டுப் பார்த்தேன். வெறும் சீமெந்துதான். நாங்கள் பேசிய அதே நேரத்தில், ஊருக்குப் புதிதாக வந்த ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் தன் பிள்ளையின் இருமலுக்கு மருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எப்படியடி இதெல்லாம் உனக்குத் தெரிந்தது? எங்களை நினைத்துத்தான் கீறினாயா? இல்லை, மனிதர் எல்லோரும் இப்படித்தான் என்று அறிந்திருந்தாயா?

அடுத்த மாதம் உன் ஆண்டுத் திவசம். அண்ணன் வீட்டில்தான் செய்கிறோம். முதல் நாளே போய் நான் சமைப்பேன். இனி எங்கள் வீடுகளில் எது நடந்தாலும், மற்றவர் வந்து சேரும்வரை காத்திருப்போம். இது நாங்கள் இருவரும் உனக்குத் தரும் வாக்கு.

அண்ணனுக்கும் வாசித்துக் காட்டியபின் கையெழுத்திடும்,
உன் அக்கா