எனக்குக் கொதிப்பு இல்லை

திருப்பூர்

அன்புள்ள தையல்நாயகிக்கு, உன் வீட்டுக்காரன் கோவிந்தராசு தன் கையாலேயே எழுதுவது. நீயும் கன்றுக்குட்டியும் சுகந்தானே? நான் நலம். முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்துவிட்டேன். ஒரு வரி எழுதுவதற்குள் டீ ஆறிப்போகிறது. ஆனாலும் ஆசையாக இருக்கிறது.

உன்மேல்தான் எரிச்சல். டாக்டரம்மா கொடுத்தது ரத்தக் கொதிப்பு மாத்திரைதான், ஆனால் எனக்குக் கொதிப்பு இல்லை. காமாலைக் கிருமி பல வருஷம் உள்ளேயே இருந்து கல்லீரல் தழும்பேறிவிட்டதாம். அதனால் அங்கே போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடிவிட்டது. அதைக் குறைக்கத்தான் இந்த மாத்திரை.

என்னிடமிருந்து உனக்கும் கிருமி தொற்றியிருக்கலாம் என்றுதானே தஞ்சாவூர் போய் ரத்தம் கொடுத்தாய்? முடிவு என்ன என்று போனில் கேட்டால், "அதை விடுங்க, கோவப்பட்டா கொதிப்பு ஏறிடும்" என்று வைத்துவிடுகிறாய். எத்தனை தடவை சொல்வது!

கல்லீரலுக்கு உப்பு ஆகாதாம், அதனால் உப்புக் குறைத்து வடகம் கொஞ்சம் அனுப்பு. இங்கே தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்கவில்லை.

கம்பெனி கேட்டைத் திறக்கக் கூப்பிடுகிறார்கள். கிருமி இருந்தாலும் மருந்து உண்டு. "இருக்கு" அல்லது "இல்லை" என்று ஒரு சொல் எழுதிப் போடு. இரண்டையும் எனக்கு இப்போது படிக்கத் தெரியும்.

கோவிந்தராசு