இரண்டாவது பெற்றோல் தாங்கி

1991 ஒக்டோபர் 13, ஞாயிறு. இல்ஃபோர்ட், லண்டன்.

ஆறு வருடமாக நானும் மனைவி மனோவும் கராஜில் கட்டிவரும் சின்ன விமானத்தைப் பார்க்க இன்று பரிசோதகர் வந்தார். நோர்வேயில் இருக்கும் அவளுடைய தங்கையிடம் கடல் தாண்டிப் போகத்தான் இரண்டாவது பெற்றோல் தாங்கி வைத்தேன். அதன் மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவி, ஒழுகுகிறதா என்று பார்த்ததும் அவள்தான்.

விமானத்துக்கு நான் போட்டிருந்த எடைக் கணக்கைப் பரிசோதகர் படித்துவிட்டு, குளியலறைத் தராசைக் கொண்டுவரச் சொன்னார். அந்த வெள்ளைக்காரருக்கு முன்னால் மனோ செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். அறுபத்தேழு கிலோ. நான் எழுதியிருந்தது கலியாணக் காலத்து நாற்பத்தெட்டு.

இரண்டாவது தாங்கியையும் நிரப்பினால் ஒருவர்தான் பறக்கலாம், நிரப்பாவிட்டால் கடலைத் தாண்ட முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"என்னட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாமே" என்றாள்.

"கேக்க வெக்கமாக் கிடந்தது."

"இவ்வளவு வருசமுமோ?"

விமானத்தில் இனிக் கழற்றி எறிய ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் முன்பே குறைத்தாயிற்று.

சாப்பிட்டபின் கராஜுக்குப் போனேன். மனோ எனக்கு முன்பே வந்து, தன் இருக்கைக்கென்று தைத்த மெத்தையை எடுத்து, தாங்கி உரசாமலிருக்க, அதன் அடியில் வைத்திருந்தாள்.